பர்வதமலை ஏற்றம்

பர்வதமலை என்பது திருவண்ணாமலை மாவட்டம், கலசப்பாக்கம் வட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரின் கிழக்கு விளிம்பை ஒட்டி நிற்கும் செங்குத்தான பாறை மலையாகும். இதன் உயரம் ஏறத்தாழ 4,500 அடி எனப்படுகிறது. உச்சியில் மல்லிகார்ஜுனேசுவரர், பிரமராம்பிகை கோயில் உள்ளது. பௌர்ணமி நாட்களில் பெருங்கூட்டம் ஏறும் தலம் இது. காட்டுப் பாதை, கற்படி, கடப்பாரை, சங்கிலி, ஏணி ஆகிய அனைத்தையும் ஒரே ஏற்றத்தில் கடக்க வேண்டியிருப்பதால், வறண்ட பாறை மலைகளில் ஏறும் முறையை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு. இம்மலையில் ஒருவரின் எல்லையைத் தீர்மானிப்பது உயரம் அன்று. கையிலுள்ள நீரும் இறங்குவதற்கு மீதமிருக்கும் நேரமுமே அதைத் தீர்மானிக்கின்றன.

அமைவிடம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் ஆகிய ஊர்கள் வரிசையாக வருகின்றன. கண்ணமங்கலம் தாண்டியதும் மேற்கே ஜவ்வாது மலை தொடர்ந்து கண்ணில் படும். போளூரைக் கடந்து கலசப்பாக்கம் பகுதிக்கு வந்தால் பர்வதமலை அடிவாரத்தை அடையலாம். மலையேறத் தென்மகாதேவமங்கலம் (பேச்சு வழக்கில் தென்மாதிமங்கலம்), கடலாடி ஆகிய இரு ஊர்களிலிருந்தும் வழி உண்டு.

பாறையும் பாலையும்

ஜவ்வாது மலையில் சார்னோக்கைட், நைஸ் ஆகிய மிகப் பழமையான கடினப் பாறைகள் உள்ளன. வெயிலாலும் மழையாலும் இவை வெங்காயச் சருகு போல் தகடு தகடாக உரிகின்றன. இதனால் மேற்பரப்பு வழவழப்பாகவும், விளிம்பில் உள்ள தகடுகள் கழன்று வரக்கூடியதாகவும் இருக்கும். கைப்பிடியாகத் தெரியும் கல்லை முதலில் அசைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இப்பகுதி பாலைவனம் அன்று. ஆயினும் கோடையில் சரிவுகளிலுள்ள இலையுதிர் காடும் முட்காடும் நிழலை இழந்துவிடும். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலையாகும் என்பது தமிழ்த் திணை மரபு. மாசி முதல் வைகாசி வரை இம்மலைக்கு அது அப்படியே பொருந்தும். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும் என்றாலும், வெயிலில் காய்ந்த பாறை வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருப்பதால் அந்தத் தணிவை உடல் உணர்வது அரிது.

நடையும் ஏற்றமும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சியரா கிளப் என்னும் அமைப்பு 1930களில் மலை வழிகளை வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பு சாதாரண நடை. இரண்டாவதில் அவ்வப்போது கை ஊன்ற வேண்டும். மூன்றாவதில் இரு கைகளாலும் பற்றி ஏற வேண்டும். நான்காவதில் தவறி விழுந்தால் உயிர் போகலாம். ஐந்தாவதில் கயிறும் கருவிகளும் தேவை. இவற்றுள் மூன்றாம் வகுப்பு நடையும் அன்று, கயிற்றேற்றமும் அன்று. பாலைவனச் சிகரங்கள் பலவற்றில் கடைசிப் பகுதி இத்தகையதே.

பர்வதமலையில் கீழ்ப்பகுதி கற்படியும் கரடுமுரடான காட்டுப் பாதையும் ஆகும். அதற்கு மேல் பாறையில் அறைந்த கடப்பாரைகளைப் பற்றியும் மிதித்தும், சங்கிலியைப் பிடித்தும் ஏறும் ‘கடப்பாரைப் படி’ வருகிறது. ஏணிப்படி, தண்டவாளப் படி ஆகியனவும் உண்டு. இந்த இரும்புகள் இல்லையெனில் மேற்பகுதியை மூன்றாம் வகுப்புக்குக் குறையாததாகவே கொள்ள வேண்டும்.

இத்தகைய இடங்களில் மூன்று பிடி விதி பின்பற்றப்படுகிறது. இரு கை, இரு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று உறுதியாகப் பதிந்திருக்க, ஒன்றை மட்டுமே நகர்த்த வேண்டும். கையில் பை, கைப்பேசி எதுவும் இருக்கக் கூடாது. உணவுப் பொருள் வெளியே தெரிந்தால் குரங்குகள் பறிக்க வரும். சங்கிலியில் நிற்கும்போது அப்படி நேர்ந்தால் ஆபத்து. மேலே செல்பவர் உருட்டிவிடும் கல் கீழே வருபவர் மேல் விழக்கூடும் என்பதால் இடைவெளி விடுவதும் அவசியம்.

நீரும் நேரமும்

ஏறுவதற்குப் பொதுவாக 3 முதல் 4 மணி நேரமும், இறங்க 2 முதல் 3 மணி நேரமும் ஆகும். கோடை வெயிலில் கடினமாக உழைக்கும் உடல் மணிக்கு 1 லிட்டர் அளவுக்கு வியர்வையை இழக்கக்கூடும். எனவே ஒருவருக்கு 3 முதல் 4 லிட்டர் நீர் வேண்டும். விழா நாட்களில் வழியில் கடைகள் இருக்கலாம். அவற்றை நம்பி நீரைக் குறைக்கக் கூடாது. வியர்வையில் உப்பும் போவதால் வெறும் நீர் போதாது. உப்பிட்ட மோரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ உதவும்.

கொண்டுவந்த நீரில் பாதி தீர்ந்ததும், எங்கிருந்தாலும் திரும்பிவிடுவது பாதுகாப்பான வழக்கம். விடியற்காலையில் புறப்பட்டவர் ஏறுவது குளிர்ச்சியான நேரத்தில், இறங்குவது வெயிலில். ஆகவே இறக்கத்துக்கும் சம அளவு நீர் மிஞ்ச வேண்டும்.

எகிப்தின் சினாய் மலை 2,285 மீட்டர் உயரமுள்ள பாலைவனச் சிகரம். அங்கும் யாத்திரிகர்கள் இரவில் ஏறி, உச்சியில் சூரிய உதயம் கண்டு, வெயில் ஏறுமுன் இறங்குகின்றனர்.

தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியன வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கு ஆபத்தான வெப்ப வாதம். உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறி, உதவிக்கு ஆளனுப்ப வேண்டும். 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும். அதுவரை நோயாளியை மனிதர்களே சுமக்க வேண்டும்.

இறக்கம்

இறங்கும்போது தொடைத் தசை களைத்திருக்கும். கால் வைக்கும் இடமும் கண்ணுக்குத் தெரியாது. செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவது போல் இறங்குவதே முறை. மழை பெய்தால் வழவழப்பான பாறை வழுக்கும், ஓடைகளில் நீர் திடீரெனப் பெருகும். வெள்ளம் வடியும்வரை காத்திருப்பதே நல்லது.

மலைபடுகடாம் கூறும் வழி

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை (இன்றைய செங்கம்) ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல். அதில் வரும் நவிரமலை பர்வதமலையே என்பர். மலைவழியில் வரும் இடர்களை அந்நூல் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருப்பதால் விடிந்த பின் செல்லுமாறும், பாசி வழுக்கும் இடங்களில் தண்டுகளைப் பற்றிக்கொண்டு கடக்குமாறும் கூறுகிறது. வெளிச்சமும் கைப்பிடியும் இன்றும் அதே இரண்டு தேவைகள்தாம்.

காட்டுத் தீயும் விதிகளும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவும். மனிதரால் அந்த வேகத்தில் ஏற முடியாது. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. பர்வதமலைக்குச் செல்வோர் அன்றைய அனுமதி நேரத்தை வனத்துறையிடம் கேட்டறிந்து, தீப்பெட்டியும் கற்பூரமும் காட்டுப் பாதையில் பயன்படுத்தாமல், குறைந்தது மூவராகச் செல்ல வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, மற்றவர் கீழே சென்று உதவி அழைக்க முடியும்.

இதய நோய், மூட்டு வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் கடப்பாரைப் படியைத் தவிர்க்க வேண்டும். அடிவாரத்தில் பச்சையம்மன் கோயிலும் வீரபத்திரர் கோயிலும் உள்ளன. ஏற இயலாதவர்கள் அங்கிருந்தே மலையை வணங்கித் திரும்புகின்றனர்.