இல்லமே பணியிடமாகும்போது: எல்லையிழப்பும் உளநெருக்கடியும்

இல்லத்திலிருந்து பணியாற்றும் முறை பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்ததன்று. 1973ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் ஜேக் நில்ஸ் இதற்கெனத் தனிக் கலைச்சொல் ஒன்றை உருவாக்கினார். சாலை நெரிசலையும் எரிபொருட் செலவையும் குறைப்பதே அன்றைய நோக்கம். பணியாற்றுவோர் உள்ளத்தில் இம்முறை என்ன விளைவிக்கும் என்னும் வினா பின்னரே வலுப்பெற்றது. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அவ்வினா நம் தமிழாசிரியர்களின் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தது.

சூ கேம்பல் கிளார்க் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எல்லைக் கோட்பாடு இதனை விளக்கத் துணைபுரிகிறது. பணியும் குடும்பமும் தத்தமக்கெனத் தனி நடத்தை முறை கொண்ட இரு களங்கள்; மனிதர் அவற்றுக்கிடையே நாள்தோறும் எல்லை கடப்பவர் என்பது அவர் கருத்து. அவ்வெல்லை இடத்தாலும் காலத்தாலும் உளப்பாங்காலும் அமைவது. இல்லத்திலிருந்து பணியாற்றுங்கால் இடவெல்லை முதலில் அழிகிறது. ஏனைய இரண்டும் மெல்லத் தளர்கின்றன. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் அரைமணி நேரப் பயணத்தை வீண்பொழுது என்பாருளர். ஆசிரியர் என்னும் நிலையிலிருந்து தாய், தந்தை என்னும் நிலைக்கு உள்ளம் மாறுவதற்கு அப்பயணமே இடந்தந்தது. (நம் அகமரபில் பொருள்வயிற் பிரிவு பாலைக்குரியது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கே பொருளீட்டல் என்பது மனையை நீங்கிச் செல்வது. மீண்டு வருவதற்கும் குறித்த பருவம் உண்டு.)

களைப்பு வேறு, களைப்பிலிருந்து மீளாமை வேறு. பணிநேரம் முடிந்தபின் பணியைப் பற்றிய எண்ணத்திலிருந்தும் விடுபடுதலை உளவிலகல் எனலாம். செருமானிய உளவியலாளர் சபீன சொனன்டாக் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். உளவிலகல் வாய்க்காதவரிடம் சோர்வும் உறக்கக் குறைவும் மிகுகின்றன. செய்தி வந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. வரக்கூடும் என்னும் எதிர்பார்ப்பே போதும்.

ஆசிரியர்களிடையே இவ்வெல்லை சிதைந்த விதம் தனித்துக் கருதத்தக்கது. இயங்கலை வகுப்புகள் நடந்த காலத்தில், பல குடும்பங்களில் பெற்றோரின் ஒரே கைத்தொலைபேசியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்துகொண்டனர். பெற்றோர் வேலை முடிந்து திரும்பிய பின்னரே அதுவும் அவர்கள் கைக்குக் கிட்டியது. ஆகவே, பயிற்சித் தாள்களின் படங்கள் இரவு ஒன்பது, பத்து மணிக்குப் புலனக் குழுவில் வந்து சேர்ந்தன. அந்நேரத்தில் அவற்றைப் பார்த்துத் திருத்தியதற்குக் காரணம் மாணவர்மீது கொண்ட பரிவேயன்றி ஆசிரியரின் நேர ஒழுங்கின்மையன்று. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன, குழுக்கள் கலையவில்லை. நெருக்கடிக் காலத்து விதிவிலக்கு வழக்கமாயிற்று. எனவே, 'தனியறையில் அமர்க, கணினியை மூடுக' என்பன போன்ற அறிவுரைகள் சிக்கலின் வேரைத் தொடுவனவல்ல என்பது நம் கருத்து. அடுக்குமாடி வீட்டில் தனியறைக்கு எங்கே போவது என்பது ஒருபுறமிருக்க, பெற்றோரும் பள்ளி நிருவாகமும் ஏற்காத எல்லையை ஆசிரியர் ஒருவர் தனித்து நின்று காத்தல் அரிது.

சட்டங்கள் இதனை ஓரளவே உணர்ந்துள்ளன. பணிநேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017இல் தொழிற்சட்டத்தில் சேர்த்தது. மலேசியாவில் 2023 சனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தம், வார வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நெகிழ்வான பணிமுறைக்கு விண்ணப்பிக்கவும் வழிவகுத்தது. விண்ணப்பத்திற்கு முதலாளி 60 நாளுக்குள் விடையளித்தல் வேண்டும். எனினும், இச்சட்டம் அரசு ஊழியரைத் தழுவாது. அரசுப் பள்ளி ஆசிரியர் அதன் புறத்தே நிற்கின்றனர். சிங்கப்பூர்க் கல்வியமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, ஆசிரியர் தம் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோருக்குத் தரவேண்டியதில்லை என்றும், அவசர நிலை தவிரப் பள்ளிநேரத்திற்குப் பின் விடையிறுக்கவேண்டியதில்லை என்றும் தெளிவுறுத்தியது. இதில் 'அவசரம்' என்னும் சொல்லே விளக்கம் வேண்டி நிற்கிறது. ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரையொருவர் நன்கறிந்த சிறிய தமிழ்ப்பள்ளியில், நாளைய தேர்வுக்கு எந்தப் பாடம் என்னும் இரவுநேர வினா அவசரமா, அன்றா? ஆண்டின் முதற் பெற்றோர் கூட்டத்திலேயே பள்ளி இதனைப் பேசி எழுத்தில் வைத்துவிடலாம்.