விடுமுறை நாட்களில் பிள்ளைகளின் உணவும் விளையாட்டும்

பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகளின் வயிற்றுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. காலையில் பசியாறிவிட்டுப் புறப்படுவார்கள். இடைவேளை மணி அடித்தால்தான் அடுத்த பலகாரம். வீடு திரும்பியதும் சோறு. ஆண்டிறுதி விடுமுறை வந்ததும் அந்த மணியோசை ஓய்ந்துவிடுகிறது. பத்து மணிக்கு எழுந்து, பசியாறாமலே கைத்தொலைபேசியுடன் அமர்ந்து, பொட்டலம் பொட்டலமாகத் தின்னும் பழக்கம் பற்றிக்கொள்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று சற்று மிகுதியாக உண்பதால் எந்தப் பிள்ளைக்கும் பெருங்கேடு வந்துவிடாது. அச்சு முறுக்கும் கல்கல்லும் பழக் கேக்கும் ஆண்டுக்கொரு முறை வருபவை. அவற்றையும் தடுக்கும் பெற்றோரைப் பாராட்டுவதற்கில்லை. கவலைக்குரியவை அப்பண்டிகைக்கு முன்னும் பின்னும் வரும் நாட்களே.

முதற்கேடு இனிப்புப் பானம். உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரையால் கிடைக்கும் சக்தி, ஒரு நாளைய மொத்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் இருக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வரையறுத்தது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு இது சுமார் 37 கிராம் ஆகும். நூறு மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரையுள்ள பானம் 330 மில்லிலிட்டர் டின் ஒன்றில் இருந்தால், அதிலேயே 33 கிராம் போய்விடுகிறது. பிறகு மாலைத் தேநீருக்குக் கெட்டிப்பால் வேறு! அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைதான்.

இத்தகைய பானங்களுக்கு மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை முதல் நாள் தொட்டு லிட்டருக்கு 40 சென் வரி விதித்ததன் காரணமும் இதுவே. அவ்வாண்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரே முதலிடத்தில் இருந்தனர். நாவின் பழக்கம் இளமையில் அமைவது. ஆதலின் இக்கணக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே முதலில் உரியது.

உணவைப் பங்கிட மலேசியச் சுகாதார அமைச்சு எளிய வழி காட்டியிருக்கிறது. தட்டில் கால் பங்கு சோறோ மீயோ. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு இவற்றில் ஒன்று. எஞ்சிய பாதி காய்கறியும் பழமும். கங்கோங் கீரையை ஆய்வதையும் பப்பாளியை நறுக்குவதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். தான் ஆய்ந்த கீரையை ஒதுக்கிவைக்கப் பிள்ளைக்கு மனம் வருவதில்லை.

திறந்த இல்ல விருந்துக்குப் பின் எஞ்சும் உணவிலும் கவனம் வேண்டும். மலாக்காவின் போர்த்துகீசிய யுரேசியக் குடும்பங்கள், கிறிஸ்துமஸில் மிஞ்சிய இறைச்சியை மறுநாள் மிளகாய், கடுகு, காடி சேர்த்து ‘டெவில் கறி’யாக்கி உண்பது பழைய வழக்கம். வீணாக்காத நல்ல வழக்கந்தான்; ஆனால் மிச்சத்தை எப்படி வைத்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே விடலாகாது. நம் வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, மறுநாள் அச்சோற்றை வறுத்தாலும் அழிவதில்லை. விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல், இடையிலேயே குளிர்ப்பெட்டியில் எடுத்துவைப்பது நன்று.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும். டிசம்பரில் கிழக்குக் கரையில் மழை விடாது பெய்யும். மற்ற ஊர்களிலும் மாலை மழை உண்டு. எனவே காலையிலேயே பந்தாட்டத்தையோ சைக்கிளையோ முடித்துக்கொள்வது உசிதம். மழை பிடித்துக்கொண்டால் அஞ்சடியில் கயிறு தாண்டலாம். அப்பாவும் தாண்டினால் சிரிப்புக்குப் பஞ்சமிராது.

இரவில் பல்லாங்குழிக்கு நிகர் ஏதுமில்லை. இருபுறமும் ஏழேழு குழிகள். பாட்டியும் பேரனும் சமமாக ஆடக்கூடியது. மலாய் நண்பர் வந்தால் சொல்லிக்கொடுக்கவும் வேண்டுவதில்லை. அவர்களுடைய சொங்காக் அதற்கு உறவுதான். கைகள் காயில் இருக்கும்போது பொட்டலத்தைத் தேடுவதும் குறையும். பலகை இல்லையென்றால் முட்டை அட்டையின் குழிகள் போதும். காய்களுக்கு, கறிக்குக் கரைத்த புளியின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளலாம்.