எச்சரிக்கை விளக்கும் இறங்குமிடமும்

ஆகாயத்தில் செல்லும் ஹெலிகாப்டரின் எஞ்சின் நின்றுவிட்டால் அது கல்லைப்போல் விழுந்துவிடும் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரியன்று. விமானி உடனே இறக்கைகளின் சாய்வைக் குறைத்துக் கீழே இறக்கினால், கீழிருந்து மேலே பாயும் காற்றே சுழலியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அச்சுழற்சியின் துணையால் நல்ல தரையில் பத்திரமாக இறங்கிவிடலாம். விமானி பெரிதும் அஞ்சுவது, எஞ்சினுக்கும் சுழலிக்கும் இடையேயுள்ள கியர் பெட்டியைப் பற்றித்தான்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 20,000 சுற்று அளவில் சுழல்கிறது. பெரிய ஹெலிகாப்டரின் மேற்சுழலியோ 300 சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். இந்த வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பற்சக்கரங்கள் எண்ணெயில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். அப்பெட்டியினுள் ஒரு சிறு காந்தம் வைத்திருக்கிறார்கள். பற்சக்கரம் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொண்டால் மின்சுற்று இணைந்து, விமானியின் எதிரே விளக்கு எரியும். மயிரிழை போன்ற தூள் ஒட்டினாலும் எரியுமாதலால், அத்தூளை மட்டும் மின்சாரத்தால் பொசுக்கிவிடும் ஏற்பாடும் சில ரகங்களில் உண்டு. பொசுக்கிய பின்னும் விளக்கு எரிந்தால் உதிர்ந்தது தூளன்று, துண்டு என்று கொள்ள வேண்டும்.

விளக்கு எரிந்ததும் விமானியின் முதற்கடமை ஊர்தியை நிதானமாகச் செலுத்திக்கொண்டிருப்பதே. பின்னர் விசையைக் குறைத்து, எண்ணெயின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் முட்களைப் பார்க்கிறார். அவருடைய கையேட்டில் மூன்று படிகள் உண்டு: உடனே இறங்கு, முதலிற் கிடைக்கும் நல்ல இடத்தில் இறங்கு, வசதியான இடம் வரை சென்று இறங்கு. துகள் விளக்கு மட்டும் எரிந்தால் பெரும்பாலும் இரண்டாம் படி. எண்ணெய் அழுத்தமே அற்றுப்போனால் முதற்படி. அங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை.

2009 மார்ச் 12ஆம் தேதி கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து 18 பேருடன் எண்ணெய்க் கிணற்று மேடைக்குச் சென்ற சிகார்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டருக்கு இந்தச் சோதனைதான் நேர்ந்தது. எண்ணெய் வடிகட்டியைப் பிணைத்திருந்த டைட்டானிய மரையாணிகள் முறிந்து, எண்ணெய் முழுவதும் வெளியேறிவிட்டது. அழுத்த முள் வீழ்ந்தது. வெப்ப முள்ளோ ஏறவேயில்லை. எண்ணெயே இல்லாத இடத்தில் அது எதனை அளக்கும்? அழுத்தமானிதான் பழுதோ என்ற ஐயம் எழுந்தது. எண்ணெயின்றியும் அப்பெட்டி அரைமணி ஓடும் என்ற தவறான நம்பிக்கையும் விமானிகளிடையே இருந்தது. அவர்கள் 9,000 அடியிலிருந்து 800 அடிக்கு இறங்கி, கரையை நோக்கிப் பறந்தார்கள். எச்சரிக்கை தோன்றிய சுமார் 11 நிமிஷத்தில் வால் சுழலியை இயக்கும் பற்சக்கரம் அழிந்தது. பிழைத்தவர் ஒருவரே. கீழே இருந்தது குளிர்ந்த கடல். அதில் இறங்கத் தயங்கியவர்களை நான் எளிதிற் குறை கூறமாட்டேன். முந்திய ஆண்டு ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே ரக ஊர்திக்கு இதே பழுது நேர்ந்தபோது, கீழே நிலம் இருந்தது; இறங்கிவிட்டார்கள்.

ஆகவே எச்சரிக்கையைச் சமாளிக்கும் வேலை, விளக்கு எரிவதற்கு முன்பே தொடங்குகிறது. நம் பிளவக்கல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அணைகளுக்கு மேற்கே அடர்ந்த காடும் செங்குத்தான சரிவும். கிழக்கே வத்திராயிருப்பு வரை வயல்களும் தென்னந்தோப்புகளும். மலையோரம் பறக்கும் விமானி, அறுவடையான வயல் எது, மின்கம்பி எங்கே ஓடுகிறது, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று வழிநெடுகக் கணக்கிட்டுக்கொண்டே வரவேண்டும். தோப்பு மேலிருந்து பார்க்கப் பசும்பாயாகத் தோன்றும்; இறங்க அது உதவாது.

2023 மே 29ஆம் தேதி மத்தியப் பிரதேசத்துப் பிண்டு மாவட்டத்தில், நமது விமானப் படையின் அப்பாச்சி ஹெலிகாப்டர் ஒன்று பயிற்சிப் பறத்தலின்போது முன்னெச்சரிக்கையாகத் திறந்த வெளியில் இறக்கப்பட்டது. விமானிகளுக்கும் ஊர்திக்கும் சேதமில்லை. இத்தகைய இறக்கத்தை விபத்து என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. விபத்தைத் தவிர்த்த செயல் என்பதே பொருந்தும்.

உங்கள் வயலில் இவ்வாறு ஒன்று இறங்கினால், சுழலி முற்றும் நிற்கும்வரை நெருங்காதீர்கள். துண்டும் குடையும் கையில் இறுக இருக்கட்டும். வால் சுழலி சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கம் போகவே கூடாது. சரிவான நிலமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வராதீர்கள். அங்கே இறக்கையின் நுனி தலைமட்டத்தில் சுழலும். விமானி பார்க்கும்படி முன்புறமாக நின்று, அவர் கையசைத்த பிறகே அருகில் செல்லுங்கள்.