படலையடிக்கு எந்த நாய்?

"அக்கா, பெரிய நாய் வாங்கட்டோ, சின்ன நாய் வாங்கட்டோ?"

திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தெரிந்த சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டார். கணவரை 2009 இல் இழந்தவர். பிள்ளைகள் இருவரோடும் வயதான தாயாரோடும் இரண்டு பரப்புக் காணியில் இருக்கிறார். "ஆம்பிளை இல்லாத வீடு, ஒரு றொட்வைலர் வாங்கி விடு, காசு அனுப்புறன்" என்று சுவிசில் இருக்கும் அண்ணன் சொல்லியிருக்கிறார். உயர்தரம் படிக்கும் மகளோ பொமரேனியன்தான் வேண்டும் என்று நிற்கிறாள்.

சந்தையில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன். பெண்கள் தனித்து வாழும் வீட்டில் நாய் என்பது வெறும் ஆசைக்கு வளர்ப்பதல்ல. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் பற்றிய பயம் பரவியபோது எத்தனை வீடுகளில் நித்திரை இல்லாமல் போனது! பின்னர் வாள்வெட்டுச் செய்திகள் வந்த காலத்திலும் "ஒரு நல்ல நாய் வேணும்" என்பதே பேச்சாக இருந்தது.

நாய் எமக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆள் வருகிறது என்று அறிவிக்க வேண்டுமா, வந்த ஆளைக் கடிக்க வேண்டுமா? போர்க்கால இரவுகளை நினைத்துப் பாருங்கள். ஒழுங்கையின் தொங்கலில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கும். பிறகு அடுத்த வீட்டு நாய், அதற்கடுத்த வீட்டு நாய் என்று சத்தம் நெருங்கி வரும். நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருப்போம். அன்று எமக்குச் சேதி சொன்ன நாய்களில் அல்சேஷன் எத்தனை? ஏறத்தாழ எல்லாமே ஊர் நாய்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது நாம் கட்டவிழ்த்துவிட்டு வந்தவையும் அவைதான். மறுவருடம் திரும்பி வந்தபோது சில வீடுகளில் அவை காத்திருந்தன. பல வீடுகளில் இல்லை.

இப்போது பெரிய நாய்க்கு வருவோம். வளர்ந்த ஆண் றொட்வைலர் 50 கிலோவுக்கு மேல் வரும். ஜேர்மன் ஷெப்பேர்ட் எனப்படும் அல்சேஷன் 30 முதல் 40 கிலோ வரை வரும். உங்கள் நிறை எவ்வளவு? தெருவில் இன்னொரு நாயைக் கண்டு அது பாய்ந்தால் சங்கிலியைப் பிடித்து நிறுத்த உங்களால் முடியுமா? காலில் ஷெல் துண்டு இருப்பவர்களும் செயற்கைக் கால் பொருத்தியவர்களும் இதை இருமுறை யோசிக்க வேண்டும். பிடிக்க முடியாத நாயைக் கடைசியில் கட்டித்தான் வைப்போம். நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் பெரிய நாய் சினம் கொண்ட நாயாகிவிடும். கள்ளனையும் தபாற்காரரையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. ரியூசனுக்கு வரும் பிள்ளையைக் கடித்துவிட்டால் யார் பொறுப்பு?

சாப்பாட்டுக் கணக்கையும் பாருங்கள். 50 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 கலோரி வேண்டும். வளர்ந்த பெண் ஒருவருக்கு வேண்டியதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது உலையில் இன்னொரு ஆளுக்கு அரிசி போட வேண்டும். வெறும் சோறு போதாது, மீனோ இறைச்சியோ முட்டையோ சேர வேண்டும். அண்ணன் குட்டிக்குக் காசு தருவார். எட்டு, பத்து வருடம் நாளாந்தம் சாப்பாடு போடுவது யார்? அல்சேஷனுக்கு எமது வெயிலும் ஒத்துக்கொள்ளாது, இடுப்பு மூட்டு வருத்தமும் வரக்கூடும்.

அப்படியானால் சின்ன நாய் நல்லதா? ஐந்து கிலோ நாய்க்கு 400 கலோரிக்குள் போதும். தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போகலாம். சத்தமும் கீச்சென்று கேட்கும். எனினும் பொமரேனியனின் அடர்ந்த மயிரை நாள்தோறும் வாரி உண்ணி பார்க்க வேண்டும், பல் வருத்தங்களும் அதிகம். சின்ன நாய்கள் 12 முதல் 16 வருடம் வரை வாழும். மகள் பல்கலைக்கழகம் கிடைத்து வெளிமாவட்டம் போய்விடுவாள், கலியாணமும் முடித்துவிடுவாள். கிழட்டு நாயைப் பார்ப்பது அம்மாதான். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இன்னுமொன்று. திடீர்ச் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு படபடக்கிற சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். ஓயாமல் குரைக்கும் நாய் அவர்களது நித்திரையையும் கெடுக்கும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எனது அபிப்பிராயத்தைக் கேட்டால், பெரிதும் வேண்டாம் சிறிதும் வேண்டாம், ஊர்க் குட்டி ஒன்றை எடுங்கள் என்பேன். ("சாதி நாய்" என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. அதை நாயிடமும் கொண்டுபோய் ஒட்டிவிட்டோம்!) நடுத்தர உடம்பு, குட்டை மயிர், எமது வெயிலுக்குப் பழகிய பிறவி. அறிமுகமில்லாத காலடி கேட்டால் குரைக்கும். அதிலும் பெட்டைக் குட்டியை எடுங்கள். பெட்டை என்றாலே சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. வைரவரின் வாகனம் என்று கும்பிடுவதும் நாங்கள்தான், சாக்கில் கட்டுவதும் நாங்கள்தான். குட்டி போடுமே என்ற பயம் இருந்தால் மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனச் சரணாலயம் அமைக்க நேர்ந்ததே இப்படி விடப்பட்ட சீவன்களால்தான்.

எந்த நாயானாலும் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. விசர்நாய்க்கடி நோய் நாயின் அளவைப் பார்த்து வருவதில்லை. 1973 இல் மட்டும் இலங்கையில் 377 பேர் அந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடப்போடத்தான் அத்தொகை குறைந்தது. வருடந்தோறும் தடுப்பூசி போடுங்கள், அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், பிரதேச சபையில் நாயைப் பதிவு செய்யுங்கள். குட்டி விளையாட்டாகக் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம்.

எமது வீடுகளில் மிஞ்சும் கறிச்சோறுதான் நாய்க்குப் போகிறது. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், முந்திரிகைப்பழம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரண்டும் எமது மண்ணில் விளைபவை என்பதால் சொல்கிறேன். நாயின் சோற்றைக் கறி சேர்க்குமுன் புறம்பாக எடுத்து வையுங்கள்.

சந்தையில் கண்ட சகோதரி போன கிழமை வீட்டுக்கு வந்தார். கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறதாம். அதில் மண்ணிறப் பெட்டைக் குட்டியை மகள் பார்த்துவிட்டு வந்து பெயரும் வைத்துவிட்டாளாம். அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. "காசை அனுப்பட்டும் அக்கா, படலைக்கு நல்ல பூட்டும் முற்றத்துக்கு ஒரு லைற்றும் போடுவம்" என்றார்.