212ஆம் எழுத்துக்கு அப்பால்

திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் மகள் உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்கிறாள். ஊர்க்காட்டில் பறித்த பருத்தி இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அதில் ஒரு மரபணுத் துண்டைப் பெருக்கி, பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். ஒரு வாரத்தில் வரிசை மின்னஞ்சலில் வந்துவிட்டது. "212ஆம் எழுத்து வரை சுத்தமாக இருக்கிறது. அதற்கப்புறம் கோழி கிளறின குப்பை மாதிரிக் கிடக்கிறது. ஃபெயில் ஆகிவிட்டது, திரும்பச் செய் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்கிறார்.

அந்தப் பெண்ணை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். அவள் ஆய்வு தோற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

டிஎன்ஏ என்றால் என்ன, அதன் நான்கு எழுத்துகள் எவை என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அந்த எழுத்துகள் நம் மேசைக் கணினிக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. வரிசைப்படுத்தும் எந்திரம் எழுத்தைப் பார்ப்பதே இல்லை; ஒளியைத்தான் பார்க்கிறது. 1977இல் பிரெடெரிக் சாங்கர் தந்த முறைப்படி, ஒவ்வோர் எழுத்திலும் நின்றுபோன நகல் துண்டுகள் கிடைக்கும். 1986இல் லீராய் ஹூடின் ஆய்வகத்தில் லாயிட் ஸ்மித்தும் உடனிருந்தவர்களும் நான்கு எழுத்துக்கும் நான்கு ஒளிர்சாயம் ஏற்றினார்கள். துண்டுகள் நீளத்தின்படி ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கும்போது ஒளி ஏறி இறங்குகிறது. திரையில் அது மலைத்தொடராகத் தெரியும்: பச்சை ஏ, நீலம் சி, கறுப்பு ஜி, சிவப்பு டி. ஒவ்வொரு மலையின் உச்சியிலும் ஓர் எழுத்து நிற்கும். அந்த எழுத்து மென்பொருள் எழுதிய தீர்ப்பு. மலைதான் சாட்சி.

தீர்ப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு மதிப்பெண்ணும் உண்டு. 1998இல் வெளியான ஃப்ரெட் என்ற நிரல் வகுத்த கணக்கு அது. 20 என்றால் நூற்றில் ஒரு தரம் தவறலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒரு தரம். மலைகளைப் பார்க்க ஃபின்ச்டிவி, வரிசைகளைத் திருத்தி அடுக்க டாம் ஹால் 1999இல் தந்த பயோஎடிட், வம்சவழி வரைய 1990களிலிருந்து வளர்ந்துவரும் மெகா. எல்லாமே இலவசமாகக் கிடைத்தவை. அப்படியிருக்க, பூட்டுடைத்த திருட்டு மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றிவந்து, கூடவே வைரஸையும் கொண்டுவரும் பழக்கம் நம் ஆய்வகங்களில் ஏன் இன்னும் இருக்கிறதோ, எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி அந்தக் குப்பைக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் ரசித்த மலைத்தொடர்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவு முடியும்போது, பழைய இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பாள் அம்மா. விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வாள். ஒருமுறை அது கோடு போட்ட பாவு. நடுவில் பழைய இழை ஒன்று அறுந்து உள்ளே போயிருந்தது அவள் கண்ணில் படவில்லை. அடுத்த இழையைப் பிடித்துப் பிணைத்துக்கொண்டே போய்விட்டாள். வெகுதூரம் போனபிறகுதான் ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் நிறம் ஓரிழை தள்ளி நிற்பது தெரிந்தது. பிணைத்த இழை ஒவ்வொன்றிலும் முடிச்சு சரியாகத்தான் இருந்தது. தவறு ஓரிடத்தில், தள்ளிப்போனது அதற்குப் பின்னால் அத்தனையும்.

212ஆம் எழுத்தில் நடந்திருப்பதும் இதுவாகவே இருக்கலாம். குழாயில் ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகள் கலந்திருக்கின்றன. 212 வரை இரண்டும் ஒன்றுபோல ஓடுகின்றன. மலைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி ஒற்றையாகத் தெரிகின்றன. அந்த இடத்தில் ஒரு பிரதியில் ஓர் எழுத்து குறைவு. அங்கிருந்து ஒன்று முந்துகிறது, மற்றது பிந்துகிறது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிற மலைகள் எழுகின்றன. மென்பொருள் உயரமானதை எடுத்துக்கொள்கிறது. முடிவெடுக்க முடியாத இடத்தில் 'என்' என்று போட்டு நகர்கிறது. கிடைக்கிற எழுத்து வரிசை எந்தப் பிரதிக்கும் சொந்தமில்லாத கலவை.

பருத்தியில் இது வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விதைத்த நம் கருங்கண்ணிப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். இன்று காடெல்லாம் நிறைந்திருக்கும் பி.டி. ரகங்கள் அமெரிக்கப் பருத்தி இனம், அதற்கு 52. சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு பருத்தி மூதாதைகள் ஒன்றுசேர்ந்து உருவான இனம் அது. ஒரு மூதாதை கருங்கண்ணியின் சொந்தம். அதனால் அநேக மரபணுக்கள் அந்தச் செடிக்குள் இரண்டு குடும்பப் பிரதிகளாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் இரட்டை மலை வரும். அந்த மாணவி கருங்கண்ணி என்று நம்பி இலையைப் பறித்திருந்தால், அந்தக் குப்பையே ஒரு கேள்வி கேட்கிறது: செடி எது? விதை யார் கொடுத்தது?

அவசரப்பட்டு முடிவுகட்டவும் கூடாது. ஒரே எழுத்து எட்டு, பத்து தடவை அடுத்தடுத்து வரும் இடத்தில் நகலெடுக்கும் நொதி சறுக்கினாலும் இதே தோற்றம் வரும். குழாயில் வேறொரு மாதிரி சிந்தியிருந்தாலும் வரும்.

இந்தக் குழப்பத்தையே அளவுகோலாக ஆக்கிவிட்டவர்களும் உண்டு. கிரிஸ்பர் முறையில் மரபணுவை வெட்டினால், செல்லுக்குச் செல் வெவ்வேறு எண்ணிக்கையில் எழுத்துகள் விழும், சேரும். வெட்டிய இடத்துக்கு அப்பால் மலைகள் எப்படிக் கலங்குகின்றன என்பதைப் பிரித்துக் கணக்கிட்டு, எத்தனை சதவீதம் வெட்டு நடந்தது என்று சொல்லும் டைட் என்ற நிரலை 2014இல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் உருவாக்கினார்கள். அவர்கள் மலைகளை வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், கணினியில் இடம் போதவில்லை என்று மலைக்கோப்புகளை, அதாவது ஏபி1 கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு எழுத்துக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு மலைக்கோப்பு ஒரு கைபேசிப் படத்தின் அளவுகூட இருக்காது. ஆறு ஆண்டு உழைப்பின் சாட்சி போயிற்று. பிறகு ஓர் எழுத்தில் சந்தேகம் வந்தபோது திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. ஓர் எழுத்துதானே என்பவர்கள், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் நம் வட்டாரத்தில் கண்ட எம்130 அடையாளத்தை நினைத்துப் பார்க்கட்டும். ஒய் குரோமோசோமில் ஓரிடத்தில் சி இருந்த இடத்தில் டி, அவ்வளவுதான். ஆஸ்திரேலியப் பழங்குடிகளோடு நம்மவர் சிலரை இணைப்பது அந்த எழுத்துதான்.

கருங்கண்ணி இனத்தின் முழு மரபணுத் தொகுப்பைச் சீன ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஷிசியா என்ற தங்கள் ஊர் ரகம். நம் காட்டு ரகத்தை நம் பிள்ளைகள் துண்டு துண்டாகவாவது படிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். அதில் ஒரு துண்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

அம்மா அன்றைக்குப் பிணைத்ததை எல்லாம் அறுக்கவில்லை. பாவின் மறுகரைக்குப் போய் அங்கிருந்து பழைய இழையையும் புதிய இழையையும் நிறம் பார்த்து இணையிணையாக எண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் முட்டிய இடத்தில் அறுந்த இழை கிடந்தது. ஆசிரியர் ஐயா, மகளிடம் சொல்லுங்கள்: துண்டின் மறுமுனையிலிருந்து எதிர்வாசிப்புக்கு ஒரு மாதிரி அனுப்ப வேண்டும். வேறு சறுக்கல் குறுக்கே இல்லையென்றால் அது அந்தப் பக்கத்திலிருந்து சுத்தமாக ஓடிவந்து, அதே இடத்துக்கு அருகில் கலங்கும். பயோஎடிட்டில் அதைத் தலைகீழாக்கி, ஏக்கு டி, ஜிக்கு சி என்று மாற்றி முதல் வாசிப்போடு அடுக்கினால், எந்த எழுத்து குறைகிறது என்பது தெரிந்துவிடும். அதுவரை பழைய ஏபி1 கோப்பை அழிக்க வேண்டாம். இலை பறித்த செடி இன்னும் காட்டில் நிற்கிறதா என்றும் கேட்டு எழுதுங்கள்.