சர்வர் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

கீழவைப்பார் கடற்கரையில் படகை இறக்குமுன் அலை உயரத்தையும் காற்றையும் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் இந்தத் தகவல்களை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி தமிழிலும் கொண்டுவருகிறது. புயல் சின்னம் உருவானால் கரையோரம் முழுக்க ஒரே நேரத்தில் தகவல் கேட்கும். அப்போது இப்படிப்பட்ட ஒரு சேவை ஏன் திணறுகிறது? பழைய முறையில் ஒரு கோரிக்கைக்கு ஒரு திரெட், அதாவது நிரலின் ஒரு தனி இயக்க இழை. டேட்டாபேஸிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அது வேறு வேலை பார்க்காது. 64 பிட் லினக்ஸில் ஜாவா ஒவ்வொரு திரெட்டின் அடுக்குக்கும் வழக்கமாக 1 எம்பி ஒதுக்குகிறது. 10,000 பேர் வந்தால் சுமார் 10 ஜிபி முகவரி இடம். பிராசஸரோ பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆக, பற்றாக்குறை கணக்கிடும் திறனில் இல்லை, காத்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

ரியாக்டிவ் முறையில் சில திரெட்டுகளே போதும். கேள்வியை அனுப்பியதும் திரெட் அடுத்த கோரிக்கைக்குப் போய்விடும். பதில் வந்ததை லினக்ஸின் இபோல் என்னும் அறிவிப்பு வசதி சொன்னதும் மிச்ச வேலை தொடரும். நிரல் சிக்கலாகும், பிழை தேடுவது கடினம் என்பார்கள். உண்மைதான். 2023இல் ஜாவா 21 தந்த, எடை குறைந்த விர்ச்சுவல் திரெட்டே போதுமே என்றும் கேட்பார்கள். எளிய கேள்வி-பதில் சேவைக்கு அது போதும். ஆனால் தகவல் ஓடையாக வந்துகொண்டே இருக்கும்போது, பெறுபவர் 'இத்தனை மட்டும் அனுப்பு' என்று கேட்டு வாங்கும் ஏற்பாடு தேவை. 2017இல் ஜாவா 9 சேர்த்துக்கொண்ட, ரியாக்டிவ் முறைக்கான ஃப்ளோ இடைமுகங்கள் அதற்கானவையே. கடல் எச்சரிக்கை போன்ற சேவை கட்டுபவர்கள் ரியாக்டிவ் முறையைக் கட்டாயம் கற்க வேண்டும்.