சனிக்கிழமை சம்பளமா? மூன்று ஆண்டுப் படிப்பா?
திருப்பூர் வீடுகளில் நடக்கும் போராட்டம்

காலை 8 மணி. திருப்பூர் காலேஜ் ரோட்டில் ஒரே கூட்டம். தூக்குப் போசியுடன் போகிறவர்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். நோட்டுப் புத்தகத்துடன் போகிறவர்கள் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறார்கள். 1966-ம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி அது.

இரண்டு கூட்டத்திலும் ஒரே வயதுப் பிள்ளைகள் உண்டு. ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு. சிலர் போன மாதம் வரை நோட்டுப் புத்தகத்துடன் போனவர்கள். இப்போது அவர்கள் கையில் தூக்குப் போசி!

ஏன் இப்படி? படிப்பு ஏறவில்லையா?

மாநிலத்திலேயே முதல் இடம்

அப்படிச் சொல்ல முடியாது. 2024-ம் ஆண்டு பிளஸ்-2 பரீட்சையில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் பிடித்த மாவட்டம் எது தெரியுமா? திருப்பூர்தான்! 100-க்கு 97.45 பேர் தேறினார்கள். அதற்கு முந்தின ஆண்டு 97.79. அப்போது இரண்டாவது இடம்.

ஆகவே, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மூளை குறைவு இல்லை. பரீட்சை பயமும் இல்லை. சிக்கல் பிளஸ்-2 முடிந்த பிறகுதான் ஆரம்பம் ஆகிறது. அந்தச் சிக்கலின் பெயர், சனிக்கிழமை சம்பளம்.

திருப்பூரில் பல கம்பெனிகளில் வாரக் கூலி. எட்டு மணி நேரம் வேலை செய்தால் ஒரு ஷிப்ட். இரவும் நீடித்தால் ஒன்றரை ஷிப்ட். தொழில் தெரியாத பையனுக்கும் வேலை கிடைக்கும். முதலில் பிசிறு வெட்டுவான், கைமடிப்பான், பீஸ்களை அடுக்குவான். கொஞ்ச நாளில் ஓவர்லாக் மிஷினில் உட்காருவான். கெட்டிக்காரனாக இருந்தால் பிற்பாடு கட்டிங் மாஸ்டர்.

கல்லூரியோ மூன்று ஆண்டு கழித்துத்தான் பலன் காட்டும். கம்பெனி ஆறாவது நாளே காட்டிவிடுகிறது!

கூலிக்காரர் முதலாளி ஆன ஊர்

இன்னொரு காரணமும் உண்டு. "படித்தா எல்லோரும் முதலாளி ஆனார்கள்?" என்று கேட்கும் பெரியவர்கள் திருப்பூரில் நிறைய. அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஷரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் திருப்பூர்த் தொழிலை ஆராய்ந்து 2004-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தொழிலாளியாக வேலை தொடங்கி, பிறகு கம்பெனி வைத்தவர்கள் இங்கே பலர் என்று அதில் எழுதி இருக்கிறார்.

ஆனால் அது அந்தக் காலம். இன்று சரக்கு வாங்குகிறவர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் டிசைன் போட வேண்டும். சாயம் நிற்குமா, துணி சுருங்குமா என்று சோதித்துக் காட்ட வேண்டும். இதை உணர்ந்துதான் ஏற்றுமதியாளர்களே 1997-ம் ஆண்டில் நிப்ட்-டீ என்ற பின்னலாடைக் கல்லூரியைத் தொடங்கினார்கள். முதலிபாளையத்தில் அது இருக்கிறது. படிப்பு வேண்டும் என்று முதலாளிகளே முடிவு கட்டிவிட்டார்கள். தொழிலாளி வீட்டில்தான் இன்னும் யோசனை!

ஆர்டரும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பது இல்லை. 2024-25-ல் திருப்பூர் ஏற்றுமதி சுமார் ரூ.40 ஆயிரம் கோடி. நல்ல காலம்தான். அடுத்து 2025 ஆகஸ்டு மாதத்தில் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து, திருப்பூரில் தையல் மிஷினை நிறுத்தியது. படிப்பை விட்டு வந்த பையனுக்கு அந்த மாதிரி நேரத்தில் போக வேறு இடம் ஏது?

மில்லுக்கும் மூன்று ஆண்டு

பெண்களின் கதை வேறு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவி இருந்தது. பெண் பிள்ளை மில் விடுதியிலேயே தங்கி மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. இடையில் நின்றுவிட்டால் அந்தத் தொகை கிடைக்காமல் போன பெண்களும் உண்டு.

கல்லூரிப் பட்டத்துக்கும் அதே மூன்று ஆண்டுதான். பல்லடம் ரோட்டில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி 1971-ம் ஆண்டு முதல் நடக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை, தமிழக அரசு 2022-ம் ஆண்டில் உயர் கல்வி உதவித் திட்டமாக மாற்றியது. அதுதான் 'புதுமைப் பெண்' திட்டம். அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ரூ.1,000. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம், படிப்புக்குத் திரும்பியது! ஆண் பிள்ளைகளுக்கும் இதே தொகை தரும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டு 9-ந் தேதி கோவையில் தொடங்கியது.

ஆயிரம் ரூபாய் கம்பெனியில் இரண்டு மூன்று நாள் கூலிதான். அதனால் குடும்பம் நடக்காது. ஆனால் பரீட்சைக் கட்டணத்துக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியது இல்லை.

22 நாள் கணக்கு

ஒரே நாளில் யாரும் படிப்பை விடுவது இல்லை. அது மெல்ல மெல்ல நடக்கிறது. எப்படி?

பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 100-க்கு 75 நாள் வகுப்புக்கு வர வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 நாள் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 22 நாள்தான் லீவு போடலாம். அதற்கு மேல் கொஞ்சம் போனால் அபராதம். இன்னும் போனால் பரீட்சையே எழுத முடியாது.

ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள். சீட்டுப் பணம் கட்ட வேண்டும். கையில் காசு இல்லை. "கண்ணு, இந்த ஒரு வாரம் மட்டும் கம்பெனிக்குப் போய்ட்டு வந்துரு. சீட்டுக் கட்டோணும்" என்கிறாள் அம்மா. ஆறு நாள் போயிற்று. அடுத்த மாதம் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அவசரம். கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள். இன்னும் எட்டு நாள். நடுவே காய்ச்சல், ஊர் நோம்பி. கணக்கு முடிந்தது!

வகுப்புக்குத் திரும்பினால் பாடம் எங்கோ போய்விட்டது. தமிழில் படித்து வந்த பையனுக்கு இங்கிலீஷ் புத்தகம் ஏற்கனவே மிரட்டுகிறது. இரண்டு பாடத்தில் அரியர் விழுகிறது. வெட்கம். யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் அந்த வெட்கம் இல்லை. அங்கே அவன் கெட்டிக்காரன்!

இப்படி உள்ளுக்குள் குமைகிற பிள்ளைகள் ராத்திரியிலும் பேசுவதற்கு 14416 என்ற போன் நம்பர் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

யார் கேட்டார்கள்?

அமெரிக்காவிலும் இதே கவலை உண்டு. வின்சென்ட் டின்டோ என்ற பேராசிரியர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்தார். கல்லூரியை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் பரீட்சையில் தோற்று வெளியேற்றப்பட்டவர்கள் அல்ல, தாங்களே போனவர்கள் என்று அவர் எழுதினார். 'இது நம் இடம்' என்ற எண்ணம் மாணவனுக்கு வராவிட்டால் அவன் நிற்பது கடினம். முதல் ஆண்டுதான் ஆபத்தான ஆண்டு.

வேலை செய்துகொண்டே படிப்பதில் தவறு இல்லை. வாரத்துக்குப் பதினைந்து இருபது மணி நேரத்துக்குள் இருந்தால் படிப்பு அவ்வளவாகக் கெடுவது இல்லை என்பது அங்கே பலரும் கண்டது. திருப்பூர்க் கணக்கில் அது இரண்டு ஷிப்ட். சனியும் ஞாயிறும் போதும். பரீட்சை மாதத்தில் அதையும் நிறுத்தலாம். ஒன்றரை ஷிப்ட் ஆறு நாள் என்றால்தான் நடக்காது.

ஆறு நாள் வராத பையனிடம், "ஏன் தம்பி வரவில்லை?" என்று யார் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. வாத்தியாரிடம் இருந்து பத்தாவது நாளே வீட்டுக்கு ஒரு போன் வந்தால், இன்னும் 12 நாள் பாக்கி இருக்கிறது.